மருந்தோ, மயக்கோ?

எங்கள் மூதூரிலே, புளியமரமொன்று நின்ற இடத்தில், 1893-ஆம் ஆண்டில் நாட்டப்பெற்ற நினைவுக்கல் ஒன்று உண்டு. 1660-ஆம் ஆண்டில் 'ஆன்' என்னும் கப்பல் கொட்டியாரக் குடாவில் தங்கியிருந்தபோது, றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பட்ட இடம் அதுவென்பர். பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிச்சென்ற அவர், 1681-இல் இலங்கையைப்பற்றி நூலொன்று வெளியிட்டார்.

மாணவர்க்கு இவ்வரலாற்றைக் கூறும் நாம், அந்நூலின் ஒரு செய்தியை மட்டும் கூறாது விடுகிறோம். தப்பும் வழிதேடி வடதிசையில் அலைந்தபோது, மழைக்குளங்களின் கலங்கல் நீரைப் பருகிக் காய்ச்சலுற்ற நொக்ஸ், உலர்ந்த கஞ்சா இலையைக் கருப்பட்டியோடு உண்டு நலம் பெற்றார். அது தலையைக் கிறுகிறுக்கச் செய்யும் என்பதையும் அவர் மறைத்தாரல்லர். அவர்தம் நண்பர் றொபேட் ஹூக் 1689-இல் இலண்டன் வேத்தியற் கழகத்தில் அவ்விலையைப்பற்றி உரை நிகழ்த்தினார்.

மருந்தும் மயக்கும் ஓரிலையில் உறைகின்றன. இன்றைய வழக்கும் இதுவே. கஞ்சாவைச் சட்டத்தால் அனுமதிக்கலாமா என்று வினவுவோர், பல வினாக்களை ஒன்றாக முடிந்துவிடுகின்றனர்.

மருந்துக்கு அனுமதி புதிதன்று. 1929-ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைத் தடுத்தபோதிலும், 1961-ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர் மருந்து செய்தற்கு இடமளித்தது. ஏற்றுமதிக்காகப் பயிரிடுதல் வேறொரு வினா. 2022 நவம்பரில் வரவுசெலவுத் திட்ட உரையிலே அது முன்மொழியப்பட்டது. இன்பத்துக்காக விற்றல் மூன்றாவது. கனடா 2018-இல் அதற்கு வழிதிறந்தது. தாய்லாந்தோ 2022-இல் கட்டவிழ்த்து, 2025-இல் மீண்டும் கட்டுப்படுத்திற்று.

வள்ளுவர் கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாகவும், மருந்தைத் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகவும் வைத்தார். இடையே நிற்பது சூது. மருந்தின் பெயரால் தொடங்கி மயக்கத்தில் முடியும் வாணிகத்தைக் காணுந்தோறும் இவ்வரிசை என் நினைவுக்கு வரும். ஆதலின், இன்பத்துக்காகக் கஞ்சா விற்பதை நான் உடன்படேன்.

நிற்க. நான்காவது வினாவொன்று உண்டு. ஆசிரியராகிய நமக்கு உரியது அதுவே. உட்கொண்டவனை என் செய்வது? போர்த்துக்கல் நாடு 2001-இல் விற்பனையைத் தடுத்தவாறே, தன் பாவனைக்காகச் சிறிதளவு வைத்திருப்போரைக் குற்றவாளிகளாகக் கருதாது, ஆலோசனைக் குழுக்களிடம் அனுப்பத் தொடங்கிற்று.

இதனை நான் முன்பே சிந்தித்திருத்தல் வேண்டும். சில ஆண்டுகளின் முன், நான் கற்பித்த பாடசாலையொன்றிற் பத்தாம் வகுப்பு மாணவனின் புத்தகப்பையிற் கஞ்சாச் சுருளொன்று அகப்பட்டது. செய்யுளைப் பிழையறப் பிரித்துப் படிக்கும் பிள்ளை அவன். கூடியிருந்து அவனை விலக்கினோம், நானும் கையொப்பமிட்டேன். விலகற் பத்திரத்தை வாங்கிய தாய் என்னை நோக்கி, "ஐயா, காய்ச்சல் எண்டா ஆசுபத்திரிக்கு அனுப்புவீங்களே, இதுக்கு ஏன் தெருவுக்கு அனுப்புறீங்க?" என்று கேட்டாள். இலக்கணத்திற் பல ஐயங்களைத் தீர்த்த எனக்கு அவ்வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

அவனுக்கு விற்றவன் இன்றுவரை அகப்படவில்லை. அப்பிள்ளையோ இன்று தோணியிற் கூலிவேலை செய்கிறான். துறையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

சட்டத்தை ஆக்குவோர் ஆக்கட்டும். விற்பவனை ஒறுப்பதும் வேண்டற்பாலதே. ஆயின், பள்ளிக்கூடத்தின் கதவு சட்டசபையின் கையில் இல்லை. நம் கையில் இருக்கிறது. புளியமரத்தடியிற் சிறைப்பட்ட அந்நியனுக்கும் சோறும் இருப்பிடமும் கொடுத்த நாடு இது. வழிதவறிய நம் பிள்ளைக்கு ஒரு வைத்தியரின் வாயிலையேனும் காட்டலாகாதா?