இலை எங்கே போகிறது?

பௌர்ணமிக்கு மறுநாள், விடியற்காலை நாலரை மணி. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் கூட்டம் வடிந்துவிட்டது. குபேர லிங்கத்தைத் தாண்டி நடக்கிறேன். ஓரமாகத் துண்டை விரித்துச் சிலர் தூங்குகிறார்கள். விளக்குமாற்றுச் சத்தம்தான் முதலில் காதில் விழுந்தது. அடுத்து அந்த வாடை. சாம்பார் சாதமும் தயிர் சாதமும் ராத்திரி முழுக்க ஒரே தொட்டியில் கிடந்து ஊசிப்போன வாடை.

தூய்மைப் பணியாளர்களான இரண்டு பெண்கள் அந்தத் தொட்டியைச் சாய்த்தார்கள். அடியில் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் ஒருவருடைய பாதத்தில் வழிந்தது. காலை உதறிவிட்டு அவர் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். சாய்த்துக் கொட்டியதைப் பார்த்தேன். பாக்குமட்டைத் தட்டு, மந்தாரை இலைத் தொன்னை, பாதி கடித்த வாழைப்பழம், வாடிய சாமந்தி மாலை, பிழிந்து போட்ட எலுமிச்சம்பழத் தோல். இவற்றோடு தண்ணீர் பாட்டில்கள், பூச்சு போட்ட காகிதக் கப்புகள், சுருட்டி எறிந்த ஒரு டயப்பர். முக்கால்வாசி மண்ணுக்குப் போக வேண்டிய பொருள். அந்த ஒரு டயப்பரும் நாலு கப்பும் சேர்ந்ததால் அத்தனையும் குப்பையாகிவிட்டது.

பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. கார்த்திகை தீபத்தன்று, 2,668 அடி உயர மலை உச்சியில் மகாதீபம் ஏறும்போது, அடிவாரத்தில் நிற்கிற கூட்டம் அதைப் போலப் பல மடங்கு. நடந்து களைத்தவர் பசியோடு போகக் கூடாது என்று வழிநெடுக அன்னதானம் நடக்கிறது. முன்பின் தெரியாதவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போடும் ஊர் இது. அந்த உரிமையில்தான் ஒன்று கேட்கிறேன். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பரிமாற ஆள் வைக்கிறபோதே இலை எடுக்கவும் ஆள் வைக்கிறோம். எச்சில் இலை எடுப்பது புண்ணியம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பாதையோரப் பந்தியில் மட்டும் இலை எடுக்கும் வேலையை ஏன் முகம் தெரியாத ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டு வண்டியேறுகிறோம்?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி எதுவானாலும் 3 வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றன. குப்பையை அங்கேயே பிரித்துக் கொடுப்பது நடத்துகிறவர் பொறுப்பு என்றும் சொன்னன. பூச்சு போட்ட காகிதக் கப், பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருள்களின் பட்டியலில் இருப்பவை. தீபத் திருவிழாவுக்குத் துணிப்பையோடு வரும் பக்தர்களில் குலுக்கலில் தேர்வானவர்களுக்குத் தங்கக் காசும் வெள்ளிக் காசும் கொடுத்தது மாவட்ட நிர்வாகம். நல்ல யோசனை. ஆனால் துணிப்பை கொண்டுவருகிறவர் பாதியைத்தான் செய்கிறார். மீதிப் பாதி தொட்டியருகே நடக்க வேண்டியது.

தொட்டி ஏன் நாறுகிறது? சோறும் குழம்பும் காற்றுப் புகாமல் அடியில் அமுங்கும்போது, காற்றே வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகி அழுகிய முட்டை வாடையடிக்கும் வாயுவை விடுகின்றன. ஈ முட்டையிட்டு, நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய பத்தே நாளில் அடுத்த தலைமுறை ஈ பறக்கத் தொடங்கிவிடும். நாம் பினாயிலை ஊற்றி, ப்ளீச்சிங் பவுடரைத் தூவுகிறோம். வாடை ஒரு பொழுது அடங்கும். கழுவிய தண்ணீர் கால்வாயில் இறங்கும். அதே தொட்டியில் மறுநாள் விழும் இலைதழை உரக்கூடத்துக்குப் போனால், அதை மக்க வைக்க வேண்டிய நுண்ணுயிர்களையும் அந்த மிச்ச மருந்து பாதிக்கும்.

என் பாட்டி வீட்டில் குப்பைக்கூடையின் அடியில் இரண்டு கை அடுப்புச் சாம்பல் போட்டு வைப்பார். ஈரத்தை அது உறிஞ்சிவிடும். கூடை காலியானதும் அதே சாம்பலால் தேங்காய் நாரைக் கொண்டு தேய்த்து, வெயிலில் கவிழ்த்துப் போடுவார். சாம்பல் காரம், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். வண்டி தெருத்தெருவாக வந்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரைப் பீய்ச்சித் தொட்டிகளைக் கழுவி, அழுக்குத் தண்ணீரைத் தெருவில் விடாமல் வண்டியிலேயே பிடித்துக்கொண்டு போகிறது. கருவிதான் வேறு. பாட்டிக்குச் சூட்டைச் சூரியன் கொடுத்தது.

சாம்பலுக்கு எரிவாயு அடுப்புக்காரர்கள் எங்கே போவது? பழத்தோல் நொதிக் கரைசல் இருக்கிறது. தாய்லாந்தைச் சேர்ந்த ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய முறை அது. வெல்லம் 1 பங்கு, எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில், கொஞ்சம் இடம் விட்டு ஊற வையுங்கள். கண்ணாடி ஜாடி வேண்டாம், உள்ளே வாயு சேர்ந்து வெடித்துவிடும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியே விட வேண்டும். 3 மாதத்தில் பழுப்பு நிறத்தில், புளித்த மணத்தோடு ஒரு கரைசல் கிடைக்கும். தண்ணீர் கலந்து தொட்டியைத் தேய்த்தால் பிசுக்கும் வாடையும் போகும். இதை ப்ளீச்சிங் பவுடரோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். புளிப்பும் ப்ளீச்சிங்கும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

ஆனால் எதைக் கொண்டு கழுவினாலும், மக்குவதையும் மக்காததையும் ஒரே தொட்டியில் கொட்டுகிறவரை நாளைக்கும் இதே கதைதான். சோறும் இலையும் தனியாக, அன்றன்றைக்கே எடுக்கப்பட்டால், தொட்டியில் கழுவ என்ன இருக்கும்?

வழிகாட்ட ஆளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 80 கிலோமீட்டர் சொச்சத்தில் வேலூர். அங்கே சி. சீனிவாசன் குப்பையை 'வளம்' என்று பெயர் மாற்றி வேலையைத் தொடங்கினார். வீடு வீடாகப் போய் மக்குவதையும் மக்காததையும் தனித்தனிக் கூடையில் வாங்குவது, அழுகுவதற்கு முன்பே பிரித்துவிடுவது, மாடு தின்பதை மாட்டுக்கும் புழு பூச்சியைக் கோழிக்கும் வாத்துக்கும் விடுவது, சாணத்தில் எரிவாயு எடுப்பது, மிச்சத்தை உரமாக்குவது. இவ்வளவுதான் அவருடைய முறை. சத்தீஸ்கரில் அம்பிகாபூர் நகரம் இதை எடுத்துக்கொண்டு, மகளிர் குழுக்களின் கையில் ஒப்படைத்தது. அங்கே பழைய குப்பைமேடு இன்று பூங்கா.

நம் ஊரில் சிக்கல் வேறு விதம். கிரிவலப் பாதையில் ஒரு பகுதி நகரத்தைச் சேர்ந்ததாகவும், அடி அண்ணாமலை, அத்தியந்தல் போன்ற பகுதிகள் ஊராட்சிகளைச் சேர்ந்தவையாகவும் இருந்துவந்தன. பக்தர் நடக்கிற பாதை ஒன்று, குப்பை அள்ளுகிற கை பல. திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. எல்லை எங்கே முடிந்தாலும், 14 கிலோமீட்டருக்கும் ஒரே கணக்கில் கூடை, ஒரே நேரத்தில் வண்டி என்று ஏற்பாடு வர வேண்டும். அதைவிட முக்கியம், தொட்டியைச் சாய்க்கிறவருக்கு முழங்கால் வரை பூட்ஸும், கிழியாத கையுறையும்.

பாட்டில்களைப் பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. பேரீச்சம்பழத்துக்குப் பழைய இரும்பு போட்ட காலத்திலிருந்து, விலை உள்ள பொருளைக் காயலான் கடை விட்டுவைத்ததில்லை. விடிவதற்குள் சாக்குப் பையோடு ஒருவர் வந்து பொறுக்கிவிடுவார். சோற்றில் தோய்ந்த பாட்டிலைத்தான் அவரும் தொடமாட்டார், கடைக்காரரும் எடுக்கமாட்டார்.

அன்று காலை திரும்பும்போது ஒரு ஜூஸ் கடைக்காரரிடம் கேட்டு, அவர் கொட்டவிருந்த எலுமிச்சம் தோலை ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். நிறுத்தால் 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வெல்லம் கரைத்து டிரம்மை மூடி, மேலே தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். தினமும் காலையில் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று ஒரு மூச்சு விடுகிறது. மூன்றாவது பௌர்ணமிக்கு மறுநாள் வடிகட்டி, எங்கள் தெருமுனைத் தொட்டியில் முதலில் தேய்க்க வேண்டும்.