கைராசி டாக்டரா, பக்கத்துத் தெரு கிளினிக்கா? குழந்தைக்கு மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"அந்த டாக்டர் ரொம்ப கைராசி. ஒரே நாள்ல காய்ச்சல் ஓடிடும்." அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் நல்ல குழந்தைகள் டாக்டர் யாரென்று கேட்டால், முதல் பதில் பெரும்பாலும் இதுதான். அடுத்து, கூகுளில் நிறைய ஸ்டார் வாங்கிய பெரிய மருத்துவமனையின் லிங்க் வரும். டிராஃபிக்கில் அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகலாம்.

கைராசி, ஸ்டார் இரண்டிலும் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. அந்த டாக்டருக்கு உங்கள் குழந்தையைத் தெரியுமா?

கைராசி எப்படி உருவாகிறது?

குழந்தைகளுக்கு வரும் காய்ச்சல், சளியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. மூன்று, நான்கு நாளில் தானாகவே இறங்கிவிடும். முதல் நாள் பார்க்கும் டாக்டர் பாராசிட்டமால் மட்டும் எழுதி, "ரெண்டு நாள் பார்ப்போம்" என்கிறார். ராத்திரி மறுபடி உடம்பு கொதிக்கிறது. வீட்டில் பதற்றம். மூன்றாம் நாள் வேறொரு டாக்டரிடம் ஓடுகிறோம். அவர் ஆன்டிபயாடிக் தருகிறார். நான்காம் நாள் காய்ச்சல் இல்லை. கைராசிப் பட்டம் இரண்டாவது டாக்டருக்குப் போகிறது.

ஆனால், ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. இறங்க வேண்டிய நேரத்தில் காய்ச்சல் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தேவையில்லாத மருந்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரலாம். நிஜமாகவே தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமலும் போகலாம்.

பக்கத்து கிளினிக்கின் பலம் என்ன?

திரும்பப் போக முடிவதுதான். டெங்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஆபத்தான கட்டம், காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அல்ல. பெரும்பாலும் அது இறங்கும்போது, அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வருகிறது. 'காய்ச்சல் விட்டுருச்சு' என்று வீட்டில் நிம்மதியாகும் நேரத்தில்தான் மறுபடி பரிசோதிக்க வேண்டியிருக்கும். பத்து நிமிட தூரத்தில் கிளினிக் இருந்தால், தினமும் ஒரு நடை போய் வருவது சிரமமில்லை. ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தால், 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடத் தோன்றும்.

இன்னொன்று, தொடர்ச்சி. குழந்தையின் இன்றைய எடையை மட்டும் வைத்து ஒரு டாக்டரால் அதிகம் சொல்ல முடியாது. ஆறு மாத எடையும் ஒன்பது மாத எடையும் ஒரே வளர்ச்சி அட்டையில் இருந்தால், கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று பார்த்ததுமே தெரியும். போன வருஷம் எந்த மருந்துக்குத் தடிப்பு வந்தது, சளி பிடித்தால் வீசிங் வருமா என்பதெல்லாம் அந்த ஃபைலில் இருக்கும். டாக்டரை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் கதை முதலிலிருந்து தொடங்கும்.

எதையெல்லாம் கவனிக்கணும்?

*படிப்பும் பதிவு எண்ணும்:* எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி., டி.என்.பி. அல்லது டி.சி.எச். படித்தவர்கள் குழந்தை நல மருத்துவர்கள். பதிவு எண்ணை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்பது விதி. சந்தேகம் இருந்தால் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள மருத்துவப் பதிவேட்டில் பெயரைத் தேடலாம்.

*எடை பார்க்கிறார்களா:* குழந்தைக்கு மருந்தின் அளவை முடிவு செய்வது எடைதான். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம். பெயர் ஒன்றுதான், ஆனால் சிரப் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் இரண்டு முதல் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். எடை பார்த்து, 'எந்த பாட்டில், எத்தனை மில்லி' என்று தெளிவாக எழுதித் தருபவர் நல்ல டாக்டர்.

*'மருந்து வேண்டாம்' என்று சொல்கிறாரா:* 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை மறந்திருக்க மாட்டோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அதையொட்டி மத்திய அரசு விடுத்த அறிவுரையில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து தரக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாக அது தேவையில்லை என்றும் சொல்லப்பட்டது. இருமலோடு போன குழந்தையை சிரப் இல்லாமல் திருப்பி அனுப்பும் டாக்டர், ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை.

*எப்போது திரும்ப வரணும் என்று சொல்கிறாரா:* 'இந்த அறிகுறி வந்தால் உடனே வாங்க, ராத்திரின்னா அந்த மருத்துவமனைக்குப் போங்க' என்ற இரண்டு வரி, சீட்டில் இருக்கும் மூன்று மருந்தைவிட முக்கியம். கேள்வி கேட்டால் எரிந்து விழாமல் பதில் சொல்வதும் இதில் அடக்கம்.

தனியார் கிளினிக்தான் வேண்டுமா?

அவசியமில்லை. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் உள்ள ஊசிகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். புதன்கிழமை தடுப்பூசி நாள். பிறந்ததும், 6, 10, 14 வாரங்களிலும், 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் ஊசிகள் உண்டு. சின்னம்மை, ஃப்ளூ போன்ற கூடுதல் ஊசிகள் தேவையா என்பதைக் குழந்தை நல மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம். ஊசி அரசு மையத்தில், காய்ச்சல் பக்கத்து கிளினிக்கில் என்று பார்ப்பவர்களும் உண்டு. எங்கே போட்டாலும் ஒரே அட்டையில் பதிவாகட்டும்.

கிளினிக் போதாத நேரம் எது?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே மருத்துவமனைதான். எந்த வயதிலும் வலிப்பு, பால்கூட குடிக்க முடியாத நிலை, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் எழாத சோர்வு, மூச்சு விடும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது ஆகியவை இருந்தால் கிளினிக் திறக்கக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்கலாம். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை 24 மணி நேரமும் இயங்குகிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளை நாடலாம்.

எப்போது தேட ஆரம்பிக்கணும்?

குழந்தை நன்றாக இருக்கும்போதே. ஊசிக்கோ, எடை பார்க்கவோ ஒரு முறை போய் வாருங்கள். எத்தனை மணி வரை இருப்பார், போனில் கிடைப்பாரா, லீவில் போனால் யாரைப் பார்ப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று முறை போய்ப் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாற்றலாம். ஆனால் காய்ச்சலின் மூன்றாம் நாளில் வேண்டாம். அப்படி மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய சீட்டும் ஃபைலும் கையோடு இருக்கட்டும். இல்லையென்றால், வேறு பிராண்ட் பெயரில் அதே பாராசிட்டமாலை இரண்டு டாக்டர்கள் எழுதியிருப்பது யாருக்கும் தெரியாது.