விசிறிச் சண்டைக்குத் தீர்ப்பு என்ன?

கத்திரி வெயில் நாட்களில் வேலூர், ஆம்பூர் வட்டாரத்து வீடுகளில் இரவுதோறும் ஒரு வழக்கு நடக்கும். தோல் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்த அப்பா, "விசிறியை ஐந்தில் வைடா" என்பார். "எனக்குக் குளிருது, இரண்டிலேயே இருக்கட்டும்" என்பார் பாட்டி. அறை ஒன்று, வெப்பமானி காட்டும் அளவும் ஒன்று. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூடிய அறையில், சுழலும் விசிறியின் கீழே ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். அது காட்டும் அளவு குறையாது. இப்போது அதன் குமிழில் ஈரத்துணியைச் சுற்றுங்கள். சில நிமிடங்களில் அளவு இறங்கிவிடும். ஆகவே, விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. ஈரம் ஆவியாவதைத்தான் விரைவுபடுத்துகிறது. நம் உடலில் ஈரத்துணியின் வேலையைச் செய்வது வியர்வை.

சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல்கூட சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸ். அறையும் அதே அளவை எட்டிவிட்டால் வெப்பம் வெளியேற வியர்வை ஒன்றே வழி. ஒரு கிராம் வியர்வை ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் தேவை. கணக்கிட்டுப் பாருங்கள்: மணிக்கு 150 கிராம் ஆவியாக வேண்டும்! உடல் வருந்தி உழைப்பவருக்கு இது போதாது.

காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் ஆவியாதல் மந்தமாகும். காலணி செய்யும் ஆம்பூரில் இது தெரிந்த சங்கதிதான். தோல் காலணி வியர்வை ஆவியை வெளியே விடும். ரெக்சின் காலணி விடாது. அதனால்தான் அதற்குள் கால் நசநசவென்றிருக்கிறது.

டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபாங்கர் இதை விரிவாக ஆராய்ந்து 1970-ல் ஒரு நூலாக வெளியிட்டார். வெப்பச் சுகத்தை நிர்ணயிப்பவை ஆறு என்றார் அவர்: காற்றின் வெப்பநிலை, சுவரும் கூரையும் வீசும் கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றின் வேகம், உடை, உடலுழைப்பு. வெப்பமானி சொல்வது இவற்றில் முதலாவதை மட்டுமே! எவ்வளவு பொருத்தமாக அமைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேராவது திருப்தியடைய மாட்டார்கள் என்பதும் அவர் கண்ட முடிவு. எனவே அப்பா சொல்வதும் உண்மை, பாட்டி சொல்வதும் உண்மை.

குளிர்சாதனம் உள்ள வீடுகளில் இதே சண்டை டிகிரிக் கணக்கில் நடக்கிறது. நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் தொடக்கத்தில் 24 டிகிரியில் இயங்க வேண்டும் என 2020-ல் இந்தியாவில் விதி வந்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது அரசின் மதிப்பீடு. சற்று உயர்த்தி வைத்து, கூடவே விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் சுகம் குறையாது, மின்கட்டணம் குறையும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. முதுமையில் வியர்வை சுரப்பது குறைகிறது. தாகமும் வெப்பமும் சரிவர உறைப்பதில்லை. பாட்டிக்குப் புழுக்கம் தெரியாமலே உடல் சூடேறிக்கொண்டிருக்கலாம். 40 டிகிரிக்கு மேல் விசிறிக் காற்றே உடலைச் சூடாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தகைய நடுப்பகலில் விசிறியை மட்டும் நம்பாதீர்கள். பாட்டியை வீட்டின் குளிர்ந்த பகுதியில் உட்காரவைத்து, ஈரத்துணியால் கைகால்களைத் துடைத்து, கேட்காமலே அடிக்கடி தண்ணீர் கொடுங்கள்.

இரவுக்குத் தீர்ப்பு எளிது: அப்பாவின் பாய் விசிறிக்கு நேர் கீழே, பாட்டியின் கட்டில் சற்றுத் தள்ளி!