அனல் தாங்கும் பீங்கான் போர்வை

கொல்லனின் உலையில் இட்ட இரும்பு பழுத்து இளகுவதை நாம் அறிவோம். ஆயின், தன்னை உருக்கவல்ல அனலின் நடுவே ஓர் உலோகம் உருக்குலையாமல் பணியாற்றுகிறது என்றால் நம்ப இயலுமா? ஜெட் விமானத்தின் எஞ்சினுள் நாள்தோறும் நிகழ்வது அதுவே.

எரிபொருள் எரிந்து எழும் வளிமம் விசையாழியின் அலகுகளைச் சுழற்றுகிறது. வளிமத்தின் வெப்பம் உயர உயர, எரிபொருளின் பயனும் கூடும். இன்றைய எஞ்சின்களில் அவ்வெப்பம் 1500 டிகிரி செல்சியசைக் கடக்கிறது. அலகுகளோ ஏறத்தாழ 1350 டிகிரியிலேயே உருகத் தொடங்கும் நிக்கல் உலோகக்கலவையால் ஆனவை. எனவே, அலகின் உள்ளே நுண்ணிய வழிகள் அமைத்துக் காற்றைச் செலுத்திக் குளிர்விக்கின்றனர். வெளியே பீங்கான் பூச்சு இடுகின்றனர். உட்குளிர்ச்சியும் புறப்பூச்சும் இணைந்தே உலோகத்தைக் காக்கின்றன.

இப்பூச்சின் முதன்மைப் பொருள் சிர்கோனியா. வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவது இதன் சிறப்பு. ஆயினும் இதற்கு ஒரு குறையுண்டு. சூடாகிக் குளிரும்போது இதன் படிக அமைப்பு மாறுகிறது. பருமன் சட்டெனப் பெருகுவதால் பூச்சு வெடித்துவிடும். எடையில் 7 முதல் 8 விழுக்காடு இட்ரியாவைச் சேர்த்தால் அம்மாற்றம் தடுக்கப்படுகிறது. 1960-களில் அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் சிர்கோனியாப் பூச்சு பயன்பட்டது. 1970-களில் நாசா ஆய்வாளர்கள் இட்ரியா கலந்த பூச்சை விசையாழி அலகுகளுக்கு ஏற்றதாக்கினர்.

சூடேறும்போது உலோகம் மிகுதியாக விரியும்; பீங்கான் குறைவாகவே விரியும். இவ்வேறுபாட்டால் பூச்சு உரிந்துவிடாதிருக்க, இடையே அலுமினியம் கலந்த உலோகப் பிணைப்படலம் இடப்படுகிறது. அதன் மேற்பரப்பில் தானே தோன்றும் மெல்லிய அலுமினா அடுக்கு, உள்ளிருக்கும் உலோகத்தை ஆக்சிஜன் அரிக்காதவாறு காக்கிறது. எனினும், இவ்வடுக்கு நாளடைவில் தடித்தால் அதுவே பூச்சு பெயரக் காரணமாகும்.

பூச்சு இடும் முறைகள் இரண்டு. பிளாஸ்மாச் சுடரில் பீங்கான் பொடியை உருக்கித் தெளிப்பது ஒன்று. இதில் அமையும் நுண்துளைகள் வெப்பக் கடத்தலை மேலும் குறைக்கின்றன. வெற்றிடத்தில் எலக்ட்ரான் கற்றையால் பீங்கானை ஆவியாக்கிப் படியவைப்பது மற்றொன்று. இதில் பூச்சு நெருக்கமான நுண்தூண்களாக வளர்கிறது. தூண்களின் இடைவெளி, விரிவையும் சுருக்கத்தையும் தாங்கிக்கொள்கிறது.

இப்போர்வைக்குப் பெரும்பகை மணலும் எரிமலைச் சாம்பலும் ஆகும். அவை எஞ்சினுள் உருகிப் பூச்சின் இடைவெளிகளில் புகுந்து உறைந்தால், பூச்சு நெகிழ்வை இழந்து உதிரும். எரிமலைச் சாம்பல் எஞ்சினின் இயக்கத்தையே நிறுத்தவும் வல்லது. 1982-இல் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. சாம்பல் மண்டலத்தை விட்டுக் கீழிறங்கிய பின்னரே அவை மீண்டும் இயங்கின. விமானம் ஜகார்த்தாவில் பாதுகாப்பாகத் தரையிறங்கியது.

ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியே தடிமனுள்ள இப்பூச்சு, உலோகத்தைத் தாக்கும் வெப்பத்தை நூறு டிகிரிக்கும் மேலாகக் குறைக்கிறது. வானில் செல்வோரின் உயிர்க்காவலில் இம்மெல்லிய பீங்கானுக்கும் பங்குண்டு.