நமது போராட்டம் யாரோடு?

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, வழிபாட்டின் மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் எந்த ஆண்டாயினும், திருச்சபை நமக்கு வாசித்துக் காட்டுவது ஒரே நிகழ்ச்சியைத்தான். இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் தங்கி அலகையால் சோதிக்கப்பட்ட நிகழ்ச்சி அது. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் அதனைப் பதிவுசெய்துள்ளனர். யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்று, தந்தையின் அன்பு மகன் என்ற குரலைக் கேட்டபின் ஆண்டவர் முதலில் சென்ற இடம் சோதனைக் களமே. ஆகவே, திருமுழுக்குப் பெற்ற எவரும் போராட்டத்திலிருந்து விலக்களிக்கப்படுவதில்லை. அதற்குள்தான் அனுப்பப்படுகிறார்.

ஆயினும், ‘போர்’, ‘வாள்’, ‘கவசம்’ என்னும் சொற்கள் முல்லைத்தீவு மண்ணின் ஆலயங்களில் ஒலிக்கும்போது, அவை வேறு ஊர்களில் ஒலிப்பதுபோல் ஒலிப்பதில்லை. பிறர் உவமையாகக் கேட்பதை இம்மக்கள் நினைவாகக் கேட்கின்றனர். மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்னும் பெயர்களோடு தம் பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்து நினைப்பவர்கள் இவர்கள். பதுங்குகுழிக்குள் செபமாலை சொன்ன கைகள் இன்றும் நம் ஆலயங்களில் செபமாலை உருட்டுகின்றன. இத்தகைய மக்களுக்கு ‘ஆன்மீகப் போர்’ பற்றிப் போதிப்பவர், எல்லாவற்றிற்கும் முன்பாக ஒரு கேள்விக்கு விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளார். இப்போரில் எதிரி யார்?

சிறையிலிருந்து வந்த விடை

எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தில் (6:10-20) புனித பவுல் இதற்கு ஐயத்திற்கிடமின்றி விடையளிக்கிறார். நாம் போராடுவது மனிதரை எதிர்த்து அல்ல, மனிதரைப் பிடித்து ஆட்டும் தீமையின் ஆற்றல்களை எதிர்த்தே என்பது அவருடைய போதனை. இதை எழுதியவர் துன்பம் அறியாதவர் அல்லர். அதே பகுதியில் தம்மை விலங்கிடப்பட்ட தூதர் என்று அவர் குறிப்பிடுகிறார். உரோமையில் அவரைக் காவல்செய்ய ஒரு படைவீரன் உடனிருந்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் (28:16) எடுத்துரைக்கிறது. இத்திருமுகம் அச்சிறைக் காலத்திற்குரியது என்பது திருச்சபையின் தொன்மையான மரபு.

அந்த வீரனின் இடைக்கச்சையையும் மார்புக்கவசத்தையும் மிதியடியையும் கேடயத்தையும் தலைச்சீராவையும் வாளையும் பவுல் நாள்தோறும் பார்த்திருப்பார். அவனை வெறுப்பதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. அவரோ அவனை எதிரியாக எழுதவில்லை. அவன் அணிந்திருந்த படைக்கலன்களின் பெயர்களை எடுத்து உண்மை, நீதி, அமைதியின் நற்செய்தி, நம்பிக்கை, மீட்பு, இறைவார்த்தை என்று அவற்றிற்குப் புதுப்பொருள் தந்தார். இந்தக் கவசம் பவுல் தாமாகக் கற்பனை செய்ததும் அன்று. எசாயா நூலிலும் (59:17) சாலமோனின் ஞான நூலிலும் (5:17-20) கடவுளே அதனை அணிந்திருக்கக் காண்கிறோம். தமக்குரியதைத் தம் மக்களுக்கு அவர் அணிவிக்கிறார்.

இப்பகுதியில் நிற்பதையும் எதிர்த்து நிற்பதையும் பவுல் நான்கு முறை வலியுறுத்துகிறார். பிறருடைய இடத்தைக் கைப்பற்றும்படி ஒருமுறையும் சொல்லவில்லை. கிறிஸ்து வென்று தந்த இடத்திலிருந்து நாம் பெயர்க்கப்படாதிருக்க வேண்டும் என்பதே அவர் கேட்பது. மேலும், கேடயத்திற்கு அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘கதவு’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. கதவுபோல் பெரிதான அக்கேடயங்களை உரோமை வீரர்கள் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, பக்கத்தில் நிற்பவனையும் காத்துக்கொண்டனர். எனவே நம்பிக்கை என்னும் கேடயம் தனியொருவர் தம்மை மட்டும் மறைத்துக்கொள்வதற்கு உரியதன்று.

அயலவர் அலகை அல்லர்

பவுலின் இந்தப் போதனையை நம்மிடையே நாள்தோறும் சோதிக்கும் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் மகன் இரவில் திடுக்கிட்டெழுந்து அலறுகிறான். மகளின் திருமணம் தள்ளிப்போகிறது. கடலுக்குப் போன படகு வெறுங்கையோடு திரும்புகிறது. உடனே குறி கேட்கச் செல்வோர் நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் உள்ளனர். “பாதர், இது பக்கத்து வீட்டாக்கள் செய்வினை செய்ததாம், குறி பார்த்தவர் சொல்லிப்போட்டார்” என்று பிறகு பங்குத்தந்தையிடம் வருவர். அதற்குள் இரு வீடுகளுக்கும் இடையே இருந்த வேலிப் பொட்டு அடைக்கப்பட்டிருக்கும். இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே தறப்பாளின் கீழ் கஞ்சி பகிர்ந்த இரு குடும்பங்கள், அதன்பின் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. சாத்தானை விரட்டப் புறப்பட்டவர்கள் சாத்தான் விரும்பியதையே செய்து முடித்திருக்கிறார்கள்.

அலகை இல்லை என்று திருச்சபை சொல்வதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் வெளியிட்ட ‘அகமகிழ்ந்து களிகூருங்கள்’ என்னும் திருத்தூது அறிவுரையில், அலகையை வெறும் கற்பனையாகவோ உருவகமாகவோ எண்ணி ஏமாந்துவிடக் கூடாது என எச்சரித்தார். ஆனால் அதே திருச்சபை, எல்லாத் துன்பத்தையும் அலகையின் கணக்கில் எழுதுவதையும் ஏற்பதில்லை. முறைப்படியான பேயோட்டும் சடங்கை, மறைமாவட்ட ஆயரின் சிறப்பான, வெளிப்படையான அனுமதி பெற்ற குரு மட்டுமே நிறைவேற்றலாம் என்பது திருச்சபைச் சட்டம் (1172). நோய், குறிப்பாக உளநோய், மருத்துவ அறிவியலின் கவனத்திற்குரியது என்பதையும், அதனை அலகையின் பிடியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதையும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (1673) தெளிவுபடுத்துகிறது. குறி கேட்பதையும் சூனியத்தையும் அது முற்றாக விலக்குகிறது (2116-2117).

போரும் இடப்பெயர்வும் வன்னி மக்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய கூட்டு மனவடுவை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். இரவில் அலறும் அந்த மகனுக்கு வேண்டியது உளவளத்துணையும் மருத்துவமும் ஆகலாம். அவனுக்காகச் செபிப்பதும், அவனை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் அவன்மீது கொண்ட ஒரே அன்பின் செயல்கள்.

நின்று காட்டியவர்கள்

நிலைத்து நிற்றல் என்றால் என்னவென்று நம் மண்ணின் வரலாறே நமக்குக் கற்பிக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குருவின்றி, திருப்பலியின்றி மக்கள் வாழ்ந்தனர். 1687இல் இலங்கை வந்து யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கிய கோவைச் சேர்ந்த அருட்தந்தை யோசப் வாஸ், இரவலர் கோலத்தில் வீடு வீடாகச் சென்றார். கழுத்தில் செபமாலை அணிந்து, அதைக் கண்டு யார் முகம் மலர்கிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார் என மரபு கூறுகிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மலர்வதற்கு முகங்கள் இருந்தன என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. திருப்பலி இல்லாத அக்காலத்தில் அந்த நம்பிக்கையைக் காத்தவை வீடுகளே. 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, எல்லோரும் கைவிட்ட நோயாளரை எந்தச் சமயத்தவர் என்று பாராமல் பராமரித்தவரும் அதே வாஸ் அடிகளார்தாம். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடு அன்னையின் திருத்தலத்திற்கும் வந்து செபித்தார். 2008 ஏப்ரலில் போர் காரணமாகத் தன் இல்லத்தைவிட்டுத் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் திரும்பிய அந்த மடு அன்னையின் திருச்சுரூபத்தின் முன்தான் அவர் நின்றார்.

நம் கண்முன் நின்றவர்களும் உண்டு. 2009இல் வெளியேற வாய்ப்பிருந்தும் மக்களோடு தங்கிய குருக்களையும் துறவியரையும் வன்னி மறக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் வலைஞர்மடம் ஆலயம் எறிகணைக்கு இலக்கானபோது, கரித்தாஸ் பணியில் இருந்த அருட்தந்தை வசந்தசீலன் தம் காலை இழந்தார். உருத்திரபுரம் பங்குத்தந்தை மரியாம்பிள்ளை சரத்ஜீவன், இறுதிவரை மக்களோடு இருந்து, மே 18 அன்று அவர்களோடு வெளியேறிய வேளையில் மாரடைப்பால் உயிர்நீத்தார். யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், அதே நாள்களில் சரணடைந்தவர்களோடு சென்றதைக் கண்டவர்கள் உள்ளனர். அவர் திரும்பவில்லை. இவர்கள் கையில் எந்தப் படைக்கலமும் இருக்கவில்லை. நற்கருணையும் எண்ணெய்ச் சிமிழும் செபமாலையுமே இருந்தன.

உண்மை என்னும் இடைக்கச்சை

‘நமது போராட்டம் மனிதரோடு அன்று’ என்பதைச் சிலர் வேறுவிதமாகவும் பயன்படுத்துவதுண்டு. நடந்ததை மறந்துவிடுங்கள், கேள்வி கேட்காதீர்கள் என்று துயருற்றோருக்குச் சொல்ல இவ்வசனத்தைத் துணைக்கழைப்பர். பவுல் அப்படிக் கூறவில்லை. அவர் அணியச் சொல்லும் கவசத்தில் முதலாவது உண்மை, இரண்டாவது நீதி. 2017இல் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய அறவழிப் போராட்டம் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது. பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக் காத்திருந்து, விடை கிடைக்காமலே கண்மூடிய தாய்மாரும் உண்டு. அவர்கள் உண்மையைக் கேட்டது கிறிஸ்தவத்திற்கு மாறானதன்று. வெறுப்பின்றி உண்மையைக் கேட்பதும், உண்மையை விட்டுக்கொடுக்காமல் மன்னிக்கக் கற்பதும் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை. ஆன்மீகப் போரின் கடினமான முனை இதுவே. இங்கே எவரும் எவரையும் அவசரப்படுத்த உரிமையற்றவர். மன்னிக்கும் வரத்தைக் கேட்டுச் செபிக்கத் தொடங்குபவர், ஏற்கெனவே நிற்கத் தொடங்கியவராவார்.

இன்றைய களங்கள்

துப்பாக்கி ஓய்ந்தபின் அலகை வேறு வாசல்களால் நுழைகிறான். தந்தையின் கூலியைக் கசிப்பு விழுங்குகிறது. பாடசாலை வாசல்வரை போதைப்பொருள் வந்துவிட்டது. நுண்கடன் வாங்கிய பெண்கள், வாரந்தோறும் தவணைக்கு வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தத்திற்கு அஞ்சி வாழ்ந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உள்ளனர். புலம்பெயர்ந்த உறவினரின் பணத்தால் உடன்பிறந்தோர் பகைக்கின்றனர். இவை அனைத்திற்கும் அடியில், இனி எதுவும் மாறாது என்ற சோர்வு பதுங்கியிருக்கிறது. பவுல் குறிப்பிடும் நெருப்பு அம்புகளில் இதுவே கொடியது. பாவத்தில் விழுந்தவன் எழலாம். எழுந்து பயனில்லை என்று நம்பியவனை எழுப்புவது கடினம்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் புனித இராயப்பரின் பெயர் தாங்கிய ஆலயம் உண்டு. திருக்குடும்பப் பெருவிழாவாக இருந்த 2004 டிசெம்பர் 26 ஞாயிறன்று ஆழிப்பேரலை அக்கரையை விழுங்கிற்று. அவ்வாலயமும் அதன் மக்களும் அதற்குப் பின்னும் எழுந்து நின்றனர். அந்த இராயப்பர் யார்? கெத்சமனியில் விழித்திருந்து செபிக்கச் சொன்னபோது தூங்கியவர். பகைவர் வந்தபோது வாளை உருவியவர். ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு அஞ்சி மறுதலித்தவர். செபிக்க வேண்டிய நேரத்தில் செபியாதவருக்கு வாளும் உதவவில்லை, துணிவும் உதவவில்லை. அவரே பிற்காலத்தில், கர்ச்சிக்கும் சிங்கத்தைப்போல் அலையும் அலகையை நம்பிக்கையில் உறுதியாக நின்று எதிர்க்கும்படி நமக்கு எழுதினார் (1 பேதுரு 5:8-9). விழுந்து எழுந்தவரின் அறிவுரை என்பதாலேயே அது நமக்கு நெருக்கமானது.

அன்பார்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களே! இத்தவக்காலத்தில் நம் வீடுகளைப் பாசறைகளாக்க வேண்டியதில்லை, செபிக்கும் இல்லங்களாக்குவோம். மாலையில் கைப்பேசிகளைச் சற்று ஒதுக்கிவைத்து, பத்து மணிகளாவது செபமாலையைக் குடும்பமாகச் சொல்வோம். பாலைநிலத்தில் ஆண்டவர் ஒவ்வொரு சோதனையையும் இறைவார்த்தையால் எதிர்கொண்டார். அலகையும் அங்கு மறைநூலைச் சான்று காட்டினான் என்பதை மறவாமல், நற்செய்தியைத் திருச்சபையோடு சேர்ந்து வாசிப்போம். ஒப்புரவு அருட்சாதனத்தை நாடுவோம். வெள்ளிக்கிழமை நோன்பில் மீதமாவதைக் கடனில் தவிக்கும் அயல்வீட்டாரோடு பகிர்வோம். மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சியைச் சிரட்டையில் ஏந்தும் மக்களுக்கு, பகிர்வு என்றால் என்னவென்று எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

பாஸ்கா திருவிழிப்பு இரவில் மெழுகுதிரிகளை ஏந்தி நாம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்போம். சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுகிறோம் என்று அன்று உரக்கச் சொல்லப்போகிறோம். அச்சொல் அன்று உண்மையாக ஒலிக்க வேண்டுமாயின், அதற்கு முன்னுள்ள நாற்பது நாள்களில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அடைத்துவைத்த வேலிப் பொட்டைத் திறந்து, அந்த வீட்டுக்குப் போய்வருவோம். சிலுவையில் தம் பகைவருக்காக மன்றாடி அலகையை வென்ற ஆண்டவர் இயேசு, அந்தச் சில அடிகளை நடப்பதற்கு நமக்கு வலிமை தருவாராக!