லாரி நின்றது, கார் ஓடியது

சனி, ஞாயிறுகளில் கேரளத்தின் வித்துரா வழியாகப் பொன்முடி மலைக்கு ஏறும் வண்டிகளைப் பார்த்தால் நாட்டில் பணத்துக்குப் பஞ்சமே இல்லை என்றுதான் தோன்றும். உயரமும் அகலமுமாக எஸ்யூவிகள், மலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அதைப் பார்த்துவிட்டு, “மந்தம், மந்தம் என்கிறார்களே, எங்கே இருக்கிறது அது?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பார்க்க வேண்டிய வண்டி அதுவல்ல. இந்த வித்துரா டீக்கடையில் ஒரு கட்டன் சாயா சொல்லிவிட்டு உட்காருங்கள், கணக்கு கொஞ்சம் நீளம்.

2018-19 நிதியாண்டில் இந்தியாவில் நடுத்தர, கனரக வணிக வாகனங்கள், அதாவது பெரிய லாரியும் பஸ்ஸும், ஏறத்தாழ 3.9 லட்சம் விற்றன. அடுத்த ஆண்டு 2.25 லட்சம். நூற்றுக்கு 42 போய்விட்டது. கொரோனா ஊரடங்கு அந்த நிதியாண்டின் கடைசி வாரத்தில்தான் வந்தது, ஆகவே பழியை அதன்மேல் போட முடியாது. அதே இரண்டு ஆண்டுகளில் எஸ்யூவி வகை வண்டிகள் 9.4 லட்சத்துக்குக் குறையவே இல்லை, ஒரு துளி கூடின. ஒரே நாடு, ஒரே மந்தம். ஒன்று பள்ளத்தில் விழுந்தது, மற்றொன்று அசையவில்லை.

ஏன் என்று புரிய லாரிக்காரர் மனதுக்குள் போக வேண்டும். ஆசைப்பட்டு யாரும் லாரி வாங்குவதில்லை. இருக்கிற வண்டிக்கு மிஞ்சி லோடு வந்தால்தான் புது வண்டி. ஒரு ஊரில் 100 லாரி ஓடுகிறது, ஆண்டுக்கு 10 பழசாகிக் கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் ஆண்டுக்கு 10 புது லாரி விற்கும். சரக்கு 5 சதவீதம் கூடினால் 105 வண்டி வேண்டும், எனவே 15 விற்கும். 5 சதவீதம் குறைந்தாலோ 95 போதும், விற்பது வெறும் 5. சரக்கில் நடந்தது சின்ன அசைவு. லாரிக் கம்பெனிக்கு அது 15-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம். பொருளாதாரம் சுருங்கக்கூட வேண்டாம், வளர்ச்சி கொஞ்சம் தளர்ந்தாலே போதும், ஷோரூமில் வண்டி தேங்கும்.

2019 மந்தத்துக்கு முன்பே, இதற்கு மேலேயும் இரண்டு அடி விழுந்திருந்தன. முதலாவது, 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. வெற்று வண்டி 9 டன் என்று வைத்துக்கொண்டால் ஏற்றக்கூடிய சரக்கு 16 டன்னிலிருந்து 19.5 டன். அதாவது நேற்று ஆறு லாரி சுமந்ததை இன்று ஐந்து லாரி சுமக்கும். ஒரே உத்தரவில், ஒரு லாரிகூட வாங்காமலே நாட்டுக்குப் புது லாரிகள் கிடைத்துவிட்டன. உரிமையாளருக்கு லாபம், தயாரிப்பாளருக்கு இடி. இரண்டாவது, அதே ஆண்டு செப்டம்பரில் ஐஎல் அண்டு எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் கடனைத் திருப்பித் தர முடியாமல் தடுமாறியது. வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்குப் பணம் வரும் குழாய் இறுகியது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த நிதி நிறுவனங்களை நம்பித்தான் டியூ கட்டி வண்டி எடுப்பார்கள். லோடும் இல்லை, லோனும் இல்லை என்றால் யார் வண்டி எடுப்பார்?

2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் தன் எண்ணூர் ஆலைக்கு 16 வேலையில்லா நாட்களை அறிவித்தது. அதே மாதம் சென்னைக்கு வந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இளைய தலைமுறை கார் வாங்கித் தவணை கட்டுவதைவிட ஓலா, ஊபரில் போகவே விரும்புகிறது என்பதையும் வாகன மந்தத்துக்கு ஒரு காரணமாகச் சொன்னார். காருக்கு அது ஓரளவு பொருந்தலாம். சிமென்ட் மூட்டை ஓலாவில் போவதில்லையே!

இனி எஸ்யூவிக்கு வருவோம். 2019-20-ல் சாதாரணக் கார் விற்பனை கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஸ்கூட்டரிலிருந்து முதன்முதலாகக் காருக்கு மாற நினைத்தவர்தான் தயங்கி நின்றார். எஸ்யூவி எடுப்பவரோ பெரும்பாலும் முன்பே கார் வைத்திருந்தவர், மாதச் சம்பளமும் வங்கிக் கடனும் உறுதியாக உள்ளவர். போதாக்குறைக்கு ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர், கியா செல்டாஸ் மூன்றும் 2019-ன் சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து வந்து இறங்கின. வசதியுள்ளவரின் ஆசையை மந்தம் தொடுவதற்குக் கொஞ்ச நாளாகும்.

அமெரிக்காவில் 2008-ல் நடந்தது வேறு கதை. அங்கே பிக்கப் டிரக் என்பது கட்டடக் கொத்தனாரின் வேலை வண்டி, வீட்டுக்காரரின் சொகுசு வண்டியும் அதுவே. வீட்டுச் சந்தை நொறுங்கியதில் முதலாமவர் விலகினார். பெட்ரோல் கேலன் நாலு டாலரைத் தாண்டியதில் இரண்டாமவர் விலகினார். அந்த ஆண்டு மே மாதத்தில் ஃபோர்டின் எஃப் வரிசை பிக்கப், ஹோண்டா சிவிக் என்ற சின்னக் காரிடம் விற்பனை முதலிடத்தை இழந்தது. பெரிய எஸ்யூவிகள் செய்துவந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஜேன்ஸ்வில் ஆலை கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு கதவடைத்தது. ஹம்மர் 2010-ல் ஒழிந்தது. நான் வருத்தப்படவில்லை.

அமெரிக்கக் கதை வித்துராவுக்கு எதற்கு என்கிறீர்களா? டீக்கடைக்குப் பின்னால் நிற்கிற ரப்பர் மரங்களைப் பாருங்கள். நாட்டின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு டயருக்குத்தான் போகிறது. கார் டயரைவிட லாரி டயருக்கு இயற்கை ரப்பர் அதிக விகிதத்தில் வேண்டும். லாரி விற்காவிட்டால் புது டயர் குறையும். விற்ற லாரி ஓடாமல் ஸ்டாண்டில் நின்றால் டயர் தேயாது, மாற்று டயரும் போகாது. 2008 ஆகஸ்ட் வாக்கில் கிலோ 140 ரூபாயை ஒட்டியிருந்த ரப்பர் ஷீட், அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ பாதி விலைக்கு இறங்கியது. கச்சா எண்ணெய் சரிந்து செயற்கை ரப்பர் மலிந்ததும் அதில் ஒரு காரணம். ஆனால் உலகமெங்கும் சக்கரங்கள் நின்றதுதான் அடிப்படை. அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஒருவர் இங்கே காலையில் பால் வெட்டப் போவதா, வேண்டாமா என்று யோசித்தார்.

ஆகவே மந்தம் வருகிறதா என்று அறிய ஷோரூம் கண்ணாடிக்குள் இருக்கிற காரைப் பார்ப்பதில் பயனில்லை. மாதம் பிறந்தவுடன் நிறுவனங்கள் வெளியிடும் விற்பனைக் கணக்கில் கனரக வண்டிகளின் எண்ணிக்கையைத் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தக் கணக்கு பொதுவாக ஆலையிலிருந்து டீலருக்குப் போன வண்டிகளின் எண்ணிக்கை. டீலர் முற்றத்தில் வெயிலில் காய்கிற வண்டியும் அதில் ‘விற்றது’தான்.

லாரி எண்ணிக்கை குறைந்தாலே மந்தம் என்றும் சொல்லிவிடக் கூடாது. ஜிஎஸ்டிக்குப் பிறகு மாநில எல்லைச் சோதனைச் சாவடிகளில் காத்துக்கிடப்பது குறைந்தது, வண்டிகளும் பெரிதாகிவிட்டன. குறைந்த லாரிகள் கூடுதல் சரக்கை இழுக்கின்றன. 2023-24-ல் எஸ்யூவி வகை 25 லட்சத்தைத் தாண்டியது. பெரிய லாரியும் பஸ்ஸும் சேர்ந்து 3.73 லட்சம்தான், ஐந்து ஆண்டுக்கு முந்தைய உச்சத்தை அப்போதும் எட்டவில்லை.