வெயில் களிம்பு: எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்



கடலூர்ப் பக்கம் மணிலா களையெடுப்பு, சிதம்பரம் பக்கம் நடவு; எங்கும் முகத்தில் அடிப்பது அதே வெயில்தான். கடையில் 'சன்ஸ்கிரீன்' களிம்பு கேட்டால் எஸ்.பி.எஃப். 15, 30, 50 என்பார்கள். எண் இரட்டித்தால் பலனும் இரட்டிக்குமா? இல்லை. தோலைச் சுடும் புற ஊதாக் கதிரில் 15 தடுப்பது சுமார் 93 சதம். 30 என்றால் 97. 50 என்றால் 98. ஆகவே 30 போதும்.

மங்கை அதிகமாக்கும் கதிர் வேறு. அதற்கு 'பி.ஏ.' எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கவேண்டும்.

வயலுக்குப் போக கால் மணி முன்னால் தாராளமாகப் பூசுங்கள். மெல்லிசாகத் தடவினால் டப்பாவில் போட்ட பலன் கிடைக்காது. வியர்வையில் கரைந்துவிடும், இரண்டு மணிக்கொரு தரம் மறுபடியும் பூசவேண்டும்.

வாங்க வசதியில்லையா? தலைத்துண்டு, முழுக்கைச் சட்டை, உச்சிவேளையில் மரநிழல்: காசில்லாத முதல் காப்பு இதுதான். களிம்பு அதற்கு அப்புறம்தான்!